நோய்க்கு விலாசம் உண்டு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பொது சுகாதாரப் பள்ளியைப் பற்றியும், அது பக்கத்து நகரமான டெட்ராய்ட் மக்களோடு சேர்ந்து செய்துவரும் வேலையைப் பற்றியும் சுருக்கமாக எழுதியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பணம் இல்லாதவர்களுக்கு நோய் அதிகம், சாவும் சீக்கிரம் வருகிறது. இத்தனை வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நின்ற எனக்கு இது தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமும் அவ்வளவு செலவும் வேண்டுமா?
(ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை)

பதில்: அம்மா, வார்டில் நீங்கள் பார்த்தது முழு உண்மை. ஆனால் 'ஏழைக்கு நோய் அதிகம்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. வறுமை ஒழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். எந்தத் தெருவில், எதன் வழியாக, யார் எடுத்த எந்த முடிவால் நோய் வருகிறது என்று பிரித்துக் காட்டினால்தான் ஒரு நகராட்சியையோ மாநில அரசையோ பிடித்து 'இதை மாற்று' என்று கேட்க முடியும்.

டெட்ராய்ட்டில் செய்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகளை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். மிக ஏழ்மையான பகுதிகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது, கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு அருகிலிருந்த கடைகூட, வெள்ளையர் வாழும் ஏழைப் பகுதிகளைவிடச் சராசரியாக 1.1 மைல், அதாவது ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர், கூடுதல் தூரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் வறுமைதான், ஆனாலும் ஒரு பக்கத்துக்குக் காய்கறி இன்னும் தூரம். வீட்டில் கார் இல்லாமல், பனி கொட்டுகிற ஜனவரியில், கையில் பையோடு அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள். 'காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்' என்று சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் எழுதித் தருகிற சீட்டில் இந்தத் தூரம் எங்கேயும் இருக்காது.

இந்தத் தூரம் தானாக வந்ததும் இல்லை. 1930-களில் வீட்டுக்கடனுக்காகத் தயாரித்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தில் காட்டி, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று முத்திரை குத்தினார்கள். 1941-ல், அதாவது மிச்சிகனில் பொது சுகாதாரப் பள்ளி தொடங்கிய அதே ஆண்டில், டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலைக்கு அருகே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளச் சுவர் ஒன்று எழுந்தது. ஒரு பக்கம் கறுப்பினக் குடியிருப்பு, மறுபக்கம் வெள்ளையருக்கான புது மனைகள். அந்த மனைகளுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய சுவர் அது. மதுரைக்காரரான உங்களுக்கு உத்தப்புரத்துத் தீண்டாமைச் சுவர் நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. அப்புறம் நெடுஞ்சாலை போடுகிறோம், நகரைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, கடைகளும் இசையும் நிறைந்திருந்த பிளாக் பாட்டம் என்ற கறுப்பினப் பகுதியையே இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சுவரின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வார்டு அனுபவத்தில் பிடிபடாத விஷயம். மிச்சிகன் பள்ளிப் பேராசிரியர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-லேயே ஒரு கருத்தை வைத்தார்: ஓயாத பாகுபாட்டையும் நெருக்கடியையும் தாங்கித் தாங்கி உடம்பு வயதுக்கு முன்பே தேய்ந்துபோகிறது. 2006-ல் அவரும் சக ஆய்வாளர்களும் நாடு தழுவிய உடல்நலக் கணக்கெடுப்புத் தரவை எடுத்து, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை போன்ற பல அளவுகளைச் சேர்த்து ஒரு தேய்மான மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். அதிகத் தேய்மானம் வறுமையிலுள்ள கறுப்பினப் பெண்களுக்கு. அடுத்த இடம் வறுமையில் இல்லாத கறுப்பினப் பெண்களுக்கு. ஏழை வெள்ளையர்கள் இந்த இரண்டு பேருக்கும் பின்னால்தான் வந்தார்கள். பணம் மட்டுமே காரணம் என்றால் இந்த வரிசை வந்திருக்காது. லண்டனில் மைக்கேல் மார்மட் குழுவினர் ஆராய்ந்த அரசு ஊழியர்கள் கதையும் கிட்டத்தட்ட இதே திசையில்தான் போகிறது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம், ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளைப்போல் மூன்று மடங்கு.

கேள்வி: என் மகள் எம்.பி.ஹெச். (பொது சுகாதார முதுகலை) படிக்கப் போகிறேன் என்கிறாள். டாக்டர் பட்டம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஊசி போடுவதில்லை. அந்தப் பள்ளியில் உட்கார்ந்துகொண்டு மக்களின் ஆரோக்கியத்தை எப்படிச் சமமாக்குவார்கள்?
(ஒரு தகப்பனார், கோவில்பட்டி)

பதில்: ஊசி போடாமலே உலகத்தை மாற்றிய ஒரு வேலை அதே பள்ளியில் நடந்திருக்கிறது. ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று 18 லட்சம் பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையின் கணக்கைப் பார்த்தது அங்கே இருந்த தாமஸ் பிரான்சிஸ் குழு. 1955 ஏப்ரல் 12 அன்று, பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பர் நகரில் பிரான்சிஸ் முடிவை அறிவித்தபோது அமெரிக்கா முழுக்கக் கொண்டாடியது. தடுப்பூசியைக் கண்டுபிடித்தவர் ஒருவர், அதை நம்பலாமா என்று பாரபட்சமில்லாமல் எண்ணிச் சொன்னவர் இன்னொருவர். இரண்டுமே வேண்டும்.

உங்கள் மகள் படிக்கப்போவது இந்த எண்ணிச் சொல்கிற வேலையும் அதைத் தாண்டியதும். நோய் யாருக்கு எங்கே வருகிறது என்று பார்ப்பவர்கள் ஒரு துறை, புள்ளியியல் ஒரு துறை, காற்று தண்ணீர் ஈயம் புகை என்று அளப்பவர்கள் ஒரு துறை, மக்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்பவர்கள், அரசின் சட்டதிட்டங்களையும் காப்பீட்டையும் ஆராய்பவர்கள் என்று தனித்தனியாக இருப்பார்கள். டாக்டர் தன்முன் உட்கார்ந்திருக்கிற ஒரு குழந்தையின் மூச்சிரைப்பைப் பார்க்கிறார். இவர்கள், அந்தத் தெருவில் இத்தனை குழந்தைகளுக்கு ஏன் மூச்சிரைக்கிறது என்று கேட்கிறார்கள். சமநீதி என்பது இந்தக் கேள்வியோடு சேர்ந்தே வருகிறது, ஏனென்றால் விடை பெரும்பாலும் லாரி போகிற வழியிலும், பூஞ்சை பிடித்த சுவரிலும், வீட்டுக்காரர் செய்துதராத பழுதிலும் போய் நிற்கிறது.

கேள்வி: சமூகப் பணி படிக்கிறேன். களப்பணிக்குப் போகிற குடிசைப் பகுதியில் ஒரு அம்மா கேட்டார்: 'வருஷத்துக்கு ஒரு கூட்டம் வந்து கேள்வி கேட்டு எழுதிட்டுப் போறீங்க, எங்களுக்கு என்ன ஆச்சு?' என்னிடம் பதில் இல்லை. டெட்ராய்ட்டில் மட்டும் இது வேறா?
(மாணவி, சென்னை)

பதில்: வந்த கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இது. அந்த அம்மா கேட்டதையேதான் டெட்ராய்ட் மக்களும் கேட்டார்கள், இன்னும் கோபமாக. அவர்களுக்குக் காரணம் இருந்தது. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று உட்கார்ந்து பார்த்தது யார்? அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறை. 'பொது சுகாதாரம்' என்ற பெயரோடு கதவைத் தட்டுகிறவரைச் சந்தேகமாகப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

1995-ல் சி.டி.சி. என்ற அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் நிதியோடு டெட்ராய்ட் நகர்ப்புற ஆய்வு மையம் தொடங்கியது. பேராசிரியர் பார்பரா இஸ்ரேலும் சகாக்களும் பல்கலைக்கழகப் பக்கம். நகரின் சுகாதாரத் துறையும் ஹென்றி ஃபோர்டு மருத்துவக் குழுமமும் ஒரு பக்கம். கிழக்கு டெட்ராய்ட்டின் பார்க்சைடு அரசுக் குடியிருப்பில் பிறந்த அமைப்பு, தென்மேற்கில் ஸ்பானிய மொழி பேசுகிற மக்களிடையே வேலை செய்யும் அமைப்புகள் எல்லாம் ஒரு பக்கம். 1996-ல் இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து விதிகள் எழுதிக்கொண்டார்கள். எதை ஆராய்வது என்பதிலிருந்து முடிவை வெளியிடுவது வரை எல்லாக் கட்டத்திலும் ஊர்க்காரர்களுக்கு இடம் உண்டு. முடிவுகளை மக்களுக்குப் புரிகிற மொழியில், மரியாதையோடு, அவர்களிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கூட்டாளிகளைக் கேட்காமல் எதையும் அச்சிடக் கூடாது. நிதி தீர்ந்ததும் மூட்டை கட்டிவிட்டு ஓடக் கூடாது.

காகிதத்தில் எழுதுவது சுலபம், நடந்ததா என்று கேட்பீர்கள். குழந்தைகளின் ஆஸ்துமாவை எடுத்துக்கொள்வோம். 1998-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் 300 குடும்பங்கள். அந்தப் பகுதிகளிலிருந்தே ஆட்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போய், வாக்குவம் கிளீனர், மெத்தைக்கும் தலையணைக்கும் தூசி புகாத உறை, கரப்பான் ஒழிக்கிற ஏற்பாடு என்று கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, கூடவே நின்று செய்துகாட்டினார்கள். ஒப்பீட்டுக்கு என்று வைத்திருந்த குடும்பங்களையும் கைவிடவில்லை, அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாக அதே உதவி போனது. டஸ்கீகியை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஒரு விஷயத்தைப் படித்தால் அதன் கனம் தெரியும். பிள்ளைகளின் நுரையீரல் செயல்பாடு மேம்பட்டது, அவசரமாக டாக்டரிடம் ஓடுவது குறைந்தது. அதோடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறவர்களை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

சர்க்கரை நோயிலும் இப்படியே. ரீச் டெட்ராய்ட் என்ற கூட்டமைப்பு, கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) நோயாளிகள் 164 பேரை வைத்து நடத்திய சோதனை 2011-ல் வெளியானது. அவர்கள் மொழி தெரிந்த, அவர்கள் சமையல் தெரிந்த உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வகுப்பு நடத்தினார்கள், மாதம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள், ஒருமுறை கூடவே கிளினிக்குக்கும் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆறு மாதத்தில் இவர்களின் ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரை நிலையைக் காட்டும் அளவு) சராசரி 8.6-லிருந்து 7.7-க்கு இறங்கியது. இந்த உதவி இன்னும் போய்ச் சேராத குழுவில் மாற்றமே இல்லை. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த அம்மாவிடம் நீங்கள் மறுபடி போகும்போது, போன முறை எழுதியதில் என்ன தெரிந்தது என்பதையாவது கொண்டுபோங்கள். உங்கள் கல்லூரியில் அந்த அறிக்கை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, நான்கு பக்கமாகத் தமிழில் சுருக்கி, உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அதில் தப்பு இருக்கிறது என்று அவர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆய்வின் முதல் கேள்வியை அவரே சொல்லட்டும்.

கேள்வி: அதே மிச்சிகனில்தானே ஃபிளின்ட் ஊர்த் தண்ணீரில் ஈயம் கலந்தது? இவ்வளவு பெரிய பள்ளி இருந்தும் என்ன பயன்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: நியாயமான கோபம். 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, மாநில அரசு நியமித்த அவசர நிர்வாகியின் கீழ் ஃபிளின்ட் நகரத்துக்கு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பினார்கள், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை, அரித்த குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். தண்ணீர் நிறம் மாறுகிறது, நாறுகிறது, உடம்பில் தடிப்பு வருகிறது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதே 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, இந்தத் தண்ணீர் எங்கள் இன்ஜின் பாகங்களை அரிக்கிறது என்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு குழந்தைகளுக்குக் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது. தண்ணீரில் வளரும் பாக்டீரியாவால் வருகிற லீஜியனேர்ஸ் என்ற நிமோனியாவில் குறைந்தது 12 பேர் இறந்தார்கள்.

அந்தத் தாமதத்தை உடைத்ததில் முதல் பங்கு ஊர்மக்களுக்கு, அப்புறம் வர்ஜீனியாவிலிருந்து வந்து தண்ணீரைச் சோதித்த பொறியியல் ஆய்வாளர்களுக்கு, அப்புறம் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவருக்கு. அவர் தன் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்து, தண்ணீர் மாறுவதற்கு முன், மாறிய பின் என்று பிரித்துப் பார்த்தார். ரத்தத்தில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அதை வெளியில் சொன்னார், அதிகாரிகள் முதலில் அவரையே குறை சொன்னார்கள், அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. டாக்டர் படிப்போடு அவர் எம்.பி.ஹெச். படித்தது இதே மிச்சிகன் பொது சுகாதாரப் பள்ளியில். பள்ளியின் பயன் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா, ஒரு டாக்டர் தன்முன் இருந்த ஒரு குழந்தையைத் தாண்டி ஊரையே எண்ணிப் பார்த்தது அந்தப் பயன். அதற்காகப் பல்கலைக்கழகங்கள் அந்த முதல் வருஷத்தில் போதுமான அளவு காது கொடுத்தன என்று நான் சொல்லமாட்டேன்.

2024 ஜனவரியிலிருந்து அவரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வறுமை பற்றி ஆராய்கிறவர்களும் சேர்ந்து, ஃபிளின்ட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 1,500 டாலர், குழந்தை பிறந்தபின் ஒரு வருஷம் மாதம் 500 டாலர் என்று எந்த வருமான நிபந்தனையும் இல்லாமல் கொடுக்கிறார்கள். திட்டத்தின் பெயர் ஆர்எக்ஸ் கிட்ஸ், மருந்துச் சீட்டில் பணத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி.

கேள்வி: தோற்றுப்போனது எதுவும் இல்லையா? எல்லாம் நன்றாகவே நடந்ததாக எழுதுகிறீர்களே.
(வாசகி, ஈரோடு)

பதில்: இருக்கிறது. ஆஸ்துமா பிள்ளைகளின் படுக்கையறையில் காற்று வடிகட்டி இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். அறைக் காற்றிலிருந்த நுண்துகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, ஆனால் நாள் போகப் போக அதை ஓடவிடுவதும் குறைந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் போதாது. கனடாவுக்குப் போகிற அம்பாசடர் பாலத்துக்கான டீசல் லாரிகள் அந்தத் தென்மேற்குப் பகுதி வழியாகத்தான் வருகின்றன. ஜன்னலுக்கு உள்ளே எவ்வளவு வடிகட்டினாலும் வெளியே புகை வந்துகொண்டேதான் இருக்கும். லாரியை வேறு வழியில் விடுவது, தொழிற்சாலை உரிமத்தை இறுக்குவது எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை, அங்கே இவர்களால் முடிந்தது ஆதாரத்தைத் தயாரித்து ஊர் அமைப்புகளின் கையில் கொடுப்பதும், அவர்கள் பேசப் போகும்போது கூட நிற்பதும். அது மெதுவான வேலை, சில வருஷங்களில் ஒன்றும் நகராது.

கேள்வி: பட்டப்படிப்பு முடிக்கப்போகிறேன். இந்தத் துறையில் சேர ஆசை, ஆனால் அமெரிக்காவில் இதற்கான நிதியையெல்லாம் வெட்டுகிறார்களாமே? போகலாமா?
(மாணவர், திருச்சி)

பதில்: வெட்டினார்கள் என்பது உண்மை. 2025-ன் தொடக்கத்திலிருந்து அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் நூற்றுக்கணக்கான ஆய்வு நிதிகளை நடுவிலேயே ரத்து செய்தது. சுகாதாரச் சமநீதி பற்றிய ஆய்வுகள் அதில் பெருமளவு அடிவாங்கின, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மிச்சிகன் பல்கலைக்கழகமே 2025 மார்ச்சில் பன்முகத்தன்மைக்கான தன் மைய அலுவலகத்தை மூடியது. பல வருஷம் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த நம்பிக்கையை ஒரு கடிதத்தில் நிறுத்துவது கொடுமை, இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

அதனால் கடன் வாங்கிப் போகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். அமெரிக்க அரசின் கல்விக்கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், எபிடெமியாலஜி போன்ற பிரிவுகள் பெரும்பாலும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருவதால் படித்த பிறகு அங்கே வேலைசெய்யக் கூடுதல் காலம் கிடைக்கும், எல்லாப் பிரிவுகளுக்கும் அப்படி இல்லை. சேர்வதற்கு முன்பே கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கேயே படிக்கலாம் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.ஹெச். நடத்துகிறது, அதையும் பாருங்கள்.

எந்தப் பள்ளியானாலும் விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கிற ஒருவருக்கு எழுதி, களப்பயிற்சி எந்த அமைப்போடு, அந்த அமைப்புக்குப் பள்ளியிலிருந்து பணம் போகிறதா அல்லது உழைப்பு மட்டும் வாங்கப்படுகிறதா, ஆய்வின் முடிவைக் கடைசியாக எந்த ஊர்க்கூட்டத்தில் வாசித்தார்கள் என்று கேளுங்கள். மிச்சிகனையே தேர்ந்தெடுத்தால், ஆன் ஆர்பரிலிருந்து டெட்ராய்ட்டுக்கு டி2ஏ2 என்று நேர் பஸ் ஓடுகிறது. குளிர் இறங்குவதற்குள், செப்டம்பரிலேயே, அதில் ஏறிப் போய்ப் பார்த்துவிடுங்கள்.